மசினகுடியில் ஐந்து ஏக்கர்

நமது நகரங்களில் படித்த வாலிபர்களிடையே ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. உத்தியோகத்தை உதறிவிட்டு மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் நிலம் வாங்க வேண்டும். ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு, ஒரு பசு, ஒரு கிணறு, நாலு பாத்தி காய்கறி என்று தன் தேவைகளைத் தானே பூர்த்தி செய்துகொண்டு ஜீவிக்க வேண்டும் என்பது அந்த ஆசை. இது பரிகாசத்துக்குரிய ஆசையல்ல. அன்னியத் துணியைக் கொளுத்தி ராட்டையைக் கையில் எடுத்த தலைமுறை விரும்பிய வாழ்க்கையும் இதுவே. ஒரு கவளம் சோற்றுக்குப் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற நிலையில் உள்ளவனை எந்த அதிகாரியும் உருட்டி மிரட்டிக் காரியம் சாதிக்க முடியாது. சுயதேவைப் பூர்த்தி அரசியல் பலம் என்பதைத் தேச ஊழியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆசை கொண்டவர்களின் கண் மசினகுடியின் மேல் விழும்போது, அவர்களிடமும் சர்க்காரிடமும் சில விஷயங்களை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது.

மசினகுடி எத்தகைய இடம்? உதகமண்டலத்திலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் சீகூர்ப் பீடபூமி வரும். அதன் தெற்கே நீலகிரி சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. வடக்கே மாயாறு பூமியை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இந்தச் சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையே கிடக்கும் ஒடுக்கமான சமநிலத்தில்தான் மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம் முதலிய ஊர்கள் இருக்கின்றன. யானை செங்குத்தான மலையில் ஏறாது; அதலபாதாளத்தில் இறங்காது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் இடையே அது போக வர இதுவே வாசல். ஆசியாவிலேயே மிகப் பெரிய யானைக் கூட்டம் வாழும் வனப் பரப்பின் குறுகிய கழுத்து என்று இதைச் சொல்லலாம். இங்கே விற்பனைக்கு வரும் ஐந்து ஏக்கரும் அந்தக் கழுத்தில்தான் கிடக்கிறது.

இது மனிதர் கால் படாத வனம் என்று எண்ணுவதும் தவறு. இருளரும் குறும்பரும் இங்கே ராகியும் சாமையும் விதைத்து, தேன் எடுத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். மாட்டுப் பட்டிகள் இங்கே பெருகியிருந்தன. பாலைவிடச் சாணத்துக்காகவே மாடு வளர்த்து, அந்த எருவைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு வண்டி வண்டியாக விற்றார்கள். பைகாரா நீரைக் குழாயில் இறக்கிச் சிங்காராவில் 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் கோயமுத்தூர் மில்களுக்குப் போயிற்று. மின்சார வேலைக்காக மலைக்கு வந்த ஜனங்களில் பலர் இங்கேயே குடியேறிவிட்டார்கள். ஆகவே மசினகுடியில் குடியானவர்கள் இருப்பது நேற்று நடந்த ஆக்கிரமிப்பு அல்ல. யானைக்கும் குடியானவனுக்கும் இடையே ஏதோ ஒரு விதத்தில் கணக்கு நேராகியே வந்திருக்கிறது.

அந்தக் கணக்கைக் குலைத்தவர்கள் வேறு. நிலம் வாங்கியவர்கள் பலர் ராகி விதைக்கவில்லை, விடுதி கட்டினார்கள். சுற்றிலும் வேலி போட்டார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், இரவில் விளக்குப் போட்டு விருந்தாளிகளுக்கு மிருகங்களைக் காட்டினார்கள். பத்திரத்தில் புஞ்சை நிலம். பலகையில் ‘பண்ணை வீடு’! விஷயம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. 2010-இல் சர்க்கார் யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் சென்னை ஹைகோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. அனுமதியற்ற விடுதிகளுக்கு முத்திரையிடும்படி 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14-ஆம் தேதி வழித்தடம் செல்லும் என்று இறுதியாகத் தீர்ப்பளித்து, நிலச் சொந்தக்காரர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு கமிட்டியையும் நியமித்தது.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2021 ஜனவரியில், முன்பே காயம்பட்டு ஊர்ப்பக்கம் தளர்ந்து திரிந்த ஓர் ஆண் யானையின் மேல், மசினகுடிக்கு அருகே ஒரு தங்கும் விடுதியிலிருந்தவர்கள் எரியும் டயரை வீசினார்கள். காதில் தீப்பற்றிக்கொண்டு அது இருட்டில் ஓடிய காட்சியை நாடே பார்த்தது. அந்த யானை பிழைக்கவில்லை. இது சில துஷ்டர்களின் செய்கை என்று சொல்லி அப்பால் போய்விடலாம். ஆனால் அந்தத் துஷ்டர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க வேண்டாமா? விருந்தாளியின் காசை நம்பி நடக்கும் இடத்தில் யானை வந்தால் வருமானமும் உண்டு, நஷ்டமும் உண்டு. காட்டிக் காசு பண்ணலாம் என்றால் யானை வேண்டும். சுவரைத் தள்ளுகிறது என்றால் யானை கூடாது!

ஜே. ஸி. குமரப்பா 1945-இல் சிறையிலிருந்து எழுதிய நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய நூலில், ஜீவராசிகள் பிழைக்கும் விதங்களை வகைப்படுத்தி மனிதனுக்குப் பாடம் சொன்னார். மாந்தோப்பில் குரங்கு நடாமலே பறித்துத் தின்கிறது. தேனீ தான் எடுப்பதைக் கூட்டத்துக்காகச் சேமிக்கிறது. சீகூர்ப் பீடபூமியில் குரங்கின் வழியில் பிழைக்கிறவர்களே நிலம் வாங்கிக் குவித்தார்கள் என்பது நமது அபிப்பிராயம். அசல் குரங்குகள் நம்மை மன்னிக்கட்டும். அவை வேலி போடுவதில்லை.

விடுதிக்காரர் மேல் உள்ள கோபத்தில், பட்டா வைத்திருக்கும் மனிதர் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று பட்டணத்தில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இந்தக் காட்டிலேயே வேறு விதமாக வாழ்ந்து காட்டியவர் உண்டு. குன்னூர் வக்கீல் இ. ஆர். ஸி. டேவிதார் சீகூர்க் காட்டு நிலத்தில் வீடு கட்டினார். மிருகங்கள் தம் நிலத்தின் ஊடே தடையின்றிப் போக வர விட்டார். தாம் கண்டதை ‘சீத்தல் வாக்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 1997-இல் வெளிவந்த அந்த நூல் மசினகுடியில் நிலம் தேடுகிறவர்கள் பத்திரம் எழுதுவதற்கு முன் படிக்க வேண்டிய நூல். அவர் விவசாயத்தை நம்பிப் பிழைத்தவர் அல்ல, அது உண்மை. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டே வழியை அடைக்காமல் இருக்கலாம் என்பதற்கு அவர் போதுமான சாட்சி.

வழியை அடைத்தால் யானை வேறு பக்கம் போய்விடாதா என்று சிலர் கேட்கிறார்கள். வாழைத்தோட்டப் பக்கம் ஊருக்குள் பழகிவிட்ட, துதிக்கை நுனி அறுந்த, ‘ரிவால்டோ’ என்று பெயர் பெற்ற ஓர் ஆண் யானையைக் காட்டிலாகாவினர் 2021-இல் பிடித்து மரக்கூண்டில் வைத்துப் பழக்கி, ஆகஸ்டில் லாரியில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காட்டில் விட்டார்கள். ஒரே நாளில் அது நடந்து திரும்பி வந்துவிட்டது! யானையின் ஞாபகம் ரிஜிஸ்திரார் ஆபீஸில் இருக்கும் வில்லங்கச் சான்றிதழைவிடப் பழையது.

இனிக் கணக்குக்கு வருவோம். மசினகுடியில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஐந்து ஏக்கரில் உண்டு உடுத்துப் பிழைக்க முடியுமா? முடியும் என்பதே நமது எண்ணம். ஆனால் கனவு காண்கிற முறையில் முடியாது.

முதலில் தண்ணீர். நீலகிரி என்றதும் ஓயாத மழையை நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். முதுமலைக் காட்டின் மேற்கு ஓரத்தில் வருஷ மழை 2,000 மில்லிமீட்டரைத் தொடும். மலையின் மறைவில் கிழக்கே வரவர அது 700, 600 என்று குறைந்துவிடுகிறது. மசினகுடி வறண்ட பக்கத்து ஊர். ஆழ்துளைக் கிணறு தோண்டி நெல்லும் கரும்பும் வைக்கப் போகிறவர் ஊராரின் கிணற்றை வற்ற வைப்பார். பிறகு தம்முடையதையும் வற்ற வைத்துக்கொள்வார். கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 700 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 70,000 லிட்டர். சிந்துவதும் வழிவதும் போக 50,000 லிட்டருக்குக் குறையாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு வருஷத்துக்கு 36,500 லிட்டர்தான் தேவை. தை முதல் சித்திரை வரை வானத்தை நம்ப முடியாத நாலு மாதத்துக்கு 12,000 லிட்டர். 15,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று கட்டிவிட்டால் குடும்பம் தாகத்தால் தவிக்காது. திறந்த கிணறு மாட்டுக்கும் காய்கறிக்கும் இருக்கட்டும்.

அடுத்தது தானியம். மானாவாரி ராகி நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு 600 கிலோ தரும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ தானியம் என்றால் வருஷத்துக்கு 730 கிலோ. ஒன்றேகால் ஏக்கரில் அடங்கிவிடுகிறது. அவரையும் துவரையும் அரை ஏக்கர். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கரில் கீரை, கத்தரி, பூசணி, மிளகாய், மஞ்சள். மொத்தம் இரண்டு ஏக்கர். மீதி மூன்று ஏக்கர்?

அங்கேதான் நமது யோசனை. அந்த மூன்று ஏக்கருக்கு வேலி போடாதீர்கள். வீட்டையும் மாட்டுக் கொட்டிலையும் காய்கறித் தோட்டத்தையும் மட்டும் காத்துக்கொள்ளுங்கள். அதற்கு மின்வேலி வேண்டுமென்றாலும் 2023-இல் தமிழ்நாட்டு சர்க்கார் கொண்டுவந்த விதிகளின்படி அனுமதி பெற்றுத்தான் போட வேண்டும். மீதி நிலத்தில் உண்ணிச்செடியை வேரோடு களைந்து புல்லும் உள்ளூர் மரங்களும் வளர விடுங்கள். அலங்காரத்துக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்த இந்தச் செடி இன்று காட்டையே மூடி, மானுக்கும் யானைக்கும் உரிய புல்லை அழித்துவிட்டது. மாடும் யானையும் அதைத் தின்பதில்லை. ஆனால் வெட்டினால் விறகாகும், முடைந்தால் நாற்காலியாகும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் இந்த உண்ணிச்செடியின் தண்டைக் கொண்டே ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானை உருவங்களைச் செய்தார்கள்; அவை 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. கையில் தொழில் இருப்பவனுக்குக் களையும் சரக்குத்தான்.

வாழையும் பலாவும் மட்டும் வேண்டாம். பலாப்பழம் பழுத்த வாசனை யானைக்கு அழைப்புக் கடிதம். வெல்லத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு எறும்பின் மேல் பிராது கொடுப்பவனைக் கண்டு சிரிக்கிறோம். வாழைத் தோப்பு வைத்துவிட்டு யானை வந்தது என்று கலெக்டருக்கு மனுப் போடுகிறவரை மட்டும் ஏன் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும்?

ராகியையும் அது விடாது என்பது தெரிந்த விஷயம். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ தீனி தின்னும். தின்பதைவிட மிதிப்பது அதிகம். கதிர் முற்றுகிற மாதத்தில் நாலு யானை ஒரு இரவு நின்றால் ஒரு வருஷத்துச் சாப்பாடு போயிற்று. இதற்கு இருளர் கண்ட வழி பரண். அண்டை வயல்காரர்கள் சேர்ந்து, முறை வைத்து, நெருப்பு மூட்டி, இரவெல்லாம் குரல் கொடுத்து விழித்திருக்கிறார்கள். தனி மனிதன் ஐந்து ஏக்கரை விலைக்கு வாங்கலாம். முறைக் காவலை விலைக்கு வாங்க முடியாது. அண்டை அயலாரோடு பேச்சு வார்த்தை இல்லாத பட்டணத்து முதலாளியின் பயிர் முதல் வருஷமே போகும்.

பசு விஷயம் இதைவிடச் சிக்கலானது. 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அதே மாதத்தில் உத்தரவைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று குறைத்தது. முதுமலை 2007 முதல் புலிகள் காப்பகம். ஆகவே குறைத்த உத்தரவும் மசினகுடி மாட்டுக்காரனை விடவில்லை. நோயும் நெருக்கமும் காட்டு மிருகங்களுக்குக் கேடு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. புலியின் கேடு மாட்டுக்காரனுக்கும் உண்டு: 2021-இல் நாலு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட புலியை இருபத்தொரு நாள் தேடி, அக்டோபர் 15-ஆம் தேதி மசினகுடிக் காட்டில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன் அது கொன்றது மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயோதிகரை. நாம் மேலே சொன்ன மூன்று ஏக்கர் புல் இங்கே உதவுகிறது. இரண்டு பசுவுக்கு அறுத்துப் போடப் பெரும்பாலும் போதும். யானை வந்தாலும் புல்லைத்தான் தின்றுவிட்டுப் போகும். ஆனால் ஐந்து ஏக்கர் இல்லாதவன் என்ன செய்வான்? அரை ஏக்கரும் நாலு மாடும் வைத்திருப்பவனிடம் காட்டுக்குள் போகாதே என்று சொல்கிற சர்க்கார், தீவனத்துக்கு வழி சொல்லாமல் இருக்கலாமா?

உப்பு, துணி, இரும்பு, மருந்து ஆகியவை எந்த நிலத்திலும் விளையா. மசினகுடியில் உப்பு காய்ச்ச முடியாது. அதற்கு வேதாரண்யம் வேண்டும். ஆகவே முழுச் சுயதேவைப் பூர்த்தி என்பது பேச்சுக்குத்தான். தேனும் நெய்யும் விற்று மேற்படி சாமான்களை வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகளின் படிப்பும் பிரசவ வைத்தியமும் கூடலூரையோ உதகமண்டலத்தையோ நம்பியே நடக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு மலைத்துப் போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறோம். தென்னாப்பிரிக்காவில் 1910-இல் டிரான்ஸ்வால் சத்தியாக்கிரகிகள் சிறைக்குப் போனபோது அவர்கள் குடும்பங்களுக்குச் சோறு போட வழியில்லை. காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர் தமது 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்திஜியிடம் ஒப்படைத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே குடியிருந்தவர்களில் தமிழர் கணிசமானவர்கள். வேலைக்காரன் என்று எவனும் இல்லை. சமையலும் கக்கூஸ் சுத்தமும் அவரவர் கையால். ஜோஹானஸ்பர்க் இருபத்தொரு மைல். சொந்தக் காரியத்துக்குப் போகிறவன் நடந்தே போக வேண்டும் என்பது விதி. பாம்புகள் நிறைந்த இடம் அது. பாம்பைக் கொல்லலாமா என்ற கேள்வி அங்கே ஓயாமல் நடந்தது. காலன்பாக்கின் அறைக்குள் ஒரு பாம்பு வந்துவிட்டபோது காந்திஜியே கொல்ல அனுமதி கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அவ்வளவு நேர்மையான மனிதர். மசினகுடிக் குடியானவனை நாமும் மகான் ஆகச் சொல்லவில்லை. அவன் உயிருக்கும் பயிருக்கும் பயப்படுவது இயற்கை. ஆனால் பாம்பு இருக்கிறது என்று அந்தப் பண்ணையில் யாரும் வெளிநாட்டு விருந்தாளிக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை.

சர்க்கார் செய்ய வேண்டியது என்ன? நிலத்தில் குடியிருந்து பயிரிடுகிறவனையும், நிலத்தை வாங்கிப்போட்டு விடுதி நடத்துகிறவனையும் ஒரே தராசில் நிறுப்பதை நிறுத்த வேண்டும். 1949-இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், 1955-இன் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் கையில் இருக்கின்றன. தன் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் கமிட்டியின் உத்தரவு வேண்டும் என்கிறது சட்டம், நல்லது. விறகுக்குக் கிளை முறித்த ஏழையிடம் காட்டும் அதே கண்டிப்பைப் பங்களா கட்டுகிறவரிடமும் காட்டட்டும். புதிதாக நிலம் வாங்குகிறவர் அங்கேயே குடியிருந்து பயிரிட வேண்டும், வழியை வேலியிட்டு அடைக்கக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்திலேயே ஏற வேண்டும். பயிர் நஷ்டஈடு அடுத்த விதைப்புக்கு முன் கையில் சேர வேண்டும். பிந்தி வரும் பணம் வட்டிக்கடைக்காரனுக்கே போகும்.

எல்லாவற்றுக்கும் முதலாக இருளர், குறும்பர் உரிமை. 2006-இன் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன் பயிரிட்டு வந்த வனவாசிக்கு நாலு ஹெக்டேர் வரை உரிமை தந்தது. தமிழ்நாட்டில் கோர்ட்டு உத்தரவைக் காரணமாகக் காட்டி 2008 முதல் 2016 வரை பட்டா வழங்காமலே காலம் தள்ளினார்கள். பணம் கொண்டு வந்தவனுக்கு ஒரு நாளில் பத்திரம் பதிவாகும் ஊரில், பரம்பரையாகப் பரணில் விழித்திருந்தவன் எட்டு வருஷம் வாசலில் நின்றான். புதிய குடித்தனங்களைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தப் பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

நிலம் வாங்கத் துடிக்கும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. மழை முடிந்து காடு பச்சையாக இருக்கும் கார்த்திகையில் போய்ப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பங்குனியில் போங்கள். புல் காய்ந்து, காட்டுத்தீ பயம் பிடித்து, ஓடைகள் வற்றி, யானைகள் தண்ணீர் தேடி ஊர் ஓரம் வரும் மாதம் அது. உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் சம்மதத்தோடு அவர்கள் அருகில் பதினைந்து நாள் தங்கி, அவர்கள் இறைக்கும் கிணற்றில் இறைத்து, அவர்கள் உண்ணும் களியை உண்டு பாருங்கள். பிறகு ஐப்பசியில் கதிர் காக்கும் நாளில் ஒரு முறை பரணில் ஏறுங்கள். அதன் பின்னும் ஐந்து ஏக்கர் வேண்டும் என்று தோன்றினால், முத்திரைத்தாள் வாங்கலாம்.